வாங்குபவர் யார்? தரவுத் தரகும் அமெரிக்கச் சட்டத்தின் விடுபட்ட கேள்வியும்

தரவுத் தரகர் என்று அமெரிக்க மாநிலச் சட்டங்கள் சொல்வது, தமக்கு நேரடித் தொடர்பே இல்லாத நுகர்வோரின் தகவலைத் திரட்டி விற்கும் நிறுவனங்களை. கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் சண்டை போடலாம். பெயரே கேள்விப்படாத நிறுவனத்திடம் யார் போய் நிற்பது? 2014இல் கூட்டரசு வணிக ஆணையம் ஒன்பது தரகு நிறுவனங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் ஏழு தமக்குள்ளேயே தகவலைக் கைமாற்றிக்கொள்வது தெரியவந்தது. ஒரு தகவல் முதலில் எங்கிருந்து கசிந்தது என்பதை இத்தகைய சந்தையில் தனிமனிதர் தேடிக் கண்டுபிடிப்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

சட்டமோ அந்தத் தனிமனிதரையே நம்பியிருக்கிறது. வெர்மான்ட் 2018இல், நாட்டிலேயே முதன்முறையாக, தரகர்கள் ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. கலிஃபோர்னியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் துணிச்சலானது. பதிவுபெற்ற தரகர்கள் அனைவரிடமும் ஒரே கோரிக்கையால் தன் தகவலை அழிக்கச் சொல்லும் வசதிக்கு அது வகை செய்தது. அழிக்கத் தவறினால் ஒரு கோரிக்கைக்கு நாளொன்றுக்கு 200 டாலர் அபராதம். இதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. ஆனால் கேட்டவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. அரசுப் பதிவேடுகளில் சட்டப்படி கிடைக்கும் தகவல் இதன் பிடிக்குள் வராது. அதைவிடப் பெரிய குறை, விற்பனையின் மறுமுனையில் நிற்பவரைப் பற்றி இச்சட்டம் அநேகமாக வாய் திறப்பதில்லை என்பது.

அந்த மறுமுனையை நேராகப் பார்த்த தீர்ப்பு ஒன்று உண்டு. நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவன் இளம்பெண் ஒருத்தியின் சமூகப் பாதுகாப்பு எண், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை இணையவழித் தகவல் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்து வாங்கினான். வேலையிடத்தை அறிய, நிறுவனத்தின் சார்பில் ஒருவர் பொய்க் காரணம் சொல்லித் தொலைபேசியில் பேசியிருந்தார். 1999 அக்டோபரில், வேலை முடிந்து புறப்பட்ட அப்பெண்ணை அவன் சுட்டுக் கொன்றான். 2003இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், பின்தொடர்தலும் அடையாளத் திருட்டும் முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்க ஆபத்துகள் என்றது. ஆகவே மூன்றாமவரின் தகவலை வாடிக்கையாளருக்குத் தருமுன் நியாயமான கவனம் காட்டுவது துப்பறிவாளர், தகவல் தரகர் ஆகியோரின் கடமை என்று வரையறுத்தது. இறந்த பெண்ணுக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. இருந்தும் கடமை பிறந்தது. தரகுச் சட்டத்தின் அடித்தளமாக இருக்கத் தகுதியானது இந்தத் தர்க்கமே என்பது என் வாதம்.

இது புதுமையும் அன்று. 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம், சட்டம் ஏற்கும் நோக்கம் உள்ளவருக்கே நுகர்வோர் அறிக்கையை வழங்கலாம் என்கிறது. சாய்ஸ்பாயின்ட் என்ற தரகு நிறுவனம் வணிகர் வேடமிட்ட மோசடிக்காரர்களுக்கு 1,60,000க்கும் மேற்பட்டோரின் தகவலைத் தந்தது 2005இல் வெளியானது. மறு ஆண்டே ஒரு கோடி டாலர் அபராதமும், பாதிக்கப்பட்டோருக்கென 50 லட்சமும் செலுத்த அது ஒப்புக்கொண்டது. அவ்வளவு விரைவாகக் கை வைக்க முடிந்ததில் அந்தப் பழைய நோக்க விதிக்குப் பெரும் பங்குண்டு.

எதிர்வாதம் அரசியலமைப்பிலிருந்து வருகிறது. மருத்துவர்கள் எழுதும் மருந்துச்சீட்டு விவரங்களை மருந்து நிறுவனங்கள் விற்பனைக்குப் பயன்படுத்துவதைத் தடுத்த வெர்மான்ட் சட்டத்தை, 2011இல் கூட்டரசு உச்ச நீதிமன்றம் பேச்சுரிமையின் பேரில் 6–3 என்று செல்லாததாக்கியது. தரகர்கள் இத்தீர்ப்பைக் கேடயமாகப் பிடிப்பது இயல்புதான். ஆனால் அங்கே சட்டம் வீழ்ந்ததற்குக் காரணம், சந்தைப்படுத்துதலை மட்டும் குறிவைத்து மற்றப் பயன்பாடுகளுக்கு வழிவிட்டது. குறுகிய சில சூழல்களில் மட்டுமே வெளியிடலாம் என்ற பொதுவான, சீரான தடை வேறு தன்மையது என்பதற்கு அத்தீர்ப்பிலேயே இடமிருக்கிறது.

கடன் மதிப்பெண், வருமானம் போன்றவற்றை விற்கும் தரகர்களை 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் கொண்டுவர, நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் ஒரு விதியை முன்மொழிந்தது. 2025 மே மாதத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. வாஷிங்டனை எதிர்பார்த்துப் பயனில்லை என்றால் மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, நோக்கத்தை எழுத்தில் பெற்று, விற்பனைக் குறிப்பைப் பாதுகாப்பதைப் பதிவுக்கே நிபந்தனையாக்கலாம். கலிஃபோர்னியச் சட்டப்படி 2028 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை தரகர்கள் வெளித்தணிக்கைக்கு உட்பட வேண்டும். அழித்த கணக்கோடு விற்ற கணக்கையும் அந்தத் தணிக்கையாளர் கேட்கும்படி சட்டத்தைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது.