அகமதாபாத் மாநகராட்சியும் உணவுத்தெருக்களும்

உள்ளூர்க் கடைகளின்பால் மக்களை ஈர்ப்பது வணிகரின் பணி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அகமதாபாத்தில் அப்பணியை மாநகராட்சியே மேற்கொண்ட வரலாறு அண்மைக்காலத்தது.

பழைய நகரின் மாணேக் சௌக் எவருடைய விளம்பரமும் இன்றி வளர்ந்தது. பகலில் பொன், வெள்ளி வணிகம் நடைபெறும் இடத்தில், நகைக்கடைகள் அடைத்தபின் உணவுக்கடைகள் எழுகின்றன. மதுரைக்காஞ்சி பயின்றோர்க்கு நாளங்காடியும் அல்லங்காடியும் நினைவிற்கு வரும். இங்கோ இரண்டிற்கும் இடம் ஒன்றே.

2018இல் காங்கரியா ஏரிக்கரைக் கடைகள், நாட்டின் முதல் தூய தெருவுணவு மையம் என்னும் சான்றினை உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் பெற்றன. 2019 சனவரியில் நகரளாவிய ஷாப்பிங் திருவிழா நடத்தப்பெற்றது. இவை பெரிதும் பேசப்பட்ட செய்திகள்.

லா கார்டன் உணவுத்தெருவின் கதை வேறு. பல்லாண்டுகளாக அங்கிருந்த கடைகள் 2018இல் ஆக்கிரமிப்பு எனக் கூறி அகற்றப்பட்டன. 2020இல் அப்பகுதியிலேயே 'ஹேப்பி ஸ்ட்ரீட்' என்னும் பெயரில் உணவு வண்டிகளுக்கான தெரு திறக்கப்பட்டது. வண்டி நிறுத்தும் இடங்கள் ஏலமுறையில் விடப்பட்டன. தெருவின் புகழை ஈட்டியோர் பழைய வணிகர். அதற்கு விலை குறித்ததோ மாநகராட்சி. உள்ளூர் வணிகத்தை வளர்த்தல் என்று இதனைக் கூறுதல் எனக்கு உடன்பாடன்று. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் இவர்களையும் நகரின் உரிமையுடையோராகவே கொள்கிறது. நகர விற்பனைக் குழுவில் அவர்களுக்கு 40 விழுக்காட்டிற்குக் குறையாத இடம் உண்டு. கணக்கெடுப்பு நிறைவுற்றுச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எவரையும் அகற்றலாகாது என்பது அதன் 3ஆம் பிரிவு.