பவுண்டரி வாட்டர்ஸ்: முன்கோடை மீன்பிடிப்பு

பவுண்டரி வாட்டர்ஸ், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து வடகிழக்கு மூலையில் கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஏரிக்காடு. ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. 1964-ஆம் ஆண்டின் கானகச் சட்டம் இதைக் காப்புப் பகுதிகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1978-இல் வந்த தனிச் சட்டம் பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுகளுக்குத் தடை போட்டது. எல்லைக்கு அப்பால் ஒன்டாரியோவின் குவெட்டிக்கோ பூங்கா. இந்த நீர்நிலம் ஒஜிப்வே மக்களுடையது. 1854 ஒப்பந்தத்தில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோதும் மீன்பிடிக்கும் உரிமையை அவர்கள் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

இங்கே முன்கோடை என்றால் மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடிவு வரை. ஆனால் தேதியை நம்பிப் போகிறவர் ஏமாறுவார். ஏரிப் பனி வழக்கமாக ஏப்ரல் கடைசியிலோ மே முதல் பாதியிலோ உடையும். வால்ஐ மீன் பருவம் மே நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். 2013-இல் அந்த நாள் மே 11. அன்றைக்கு வடபகுதி ஏரிகள் பலவற்றில் பனிக்கட்டி அப்படியே இருந்தது. தூண்டில் பெட்டியில் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பது நாட்காட்டியைவிடப் பயன்படும்.

காரணம் தண்ணீரின் குணத்தில் இருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். பனி உருகியதும் மேல்நீர் அந்த வெப்பத்தை எட்டிக் கீழே இறங்க, காற்று ஏரியை அடிவரை கலக்கிவிடும். சில நாட்களுக்கு மேலும் கீழும் ஒரே குளிர்தான். மீன் எந்த ஆழத்திலும் இருக்கலாம். வெயில் ஏற ஏற வெதுவெதுப்பான நீர் மேலே தங்கும், குளிர்நீர் கீழே ஒதுங்கும். முன்கோடையில் எந்த மீன் எங்கே என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பிரிவினைதான்.

குளிர்நீர் விரும்பியான ஏரி டிரவுட், பனி உடைந்த முதல் வாரங்களில் கரையோரப் பாறைக்குப் பக்கத்திலேயே மேயும். கோடை முற்றிய பிறகு அதைப் பிடிப்பது இவ்வளவு எளிதல்ல. பைக் மீன், பனி உடையும்போதே வெள்ளம் ஏறிய புல்வெளியில் முட்டையிட்டுவிட்டு, ஆழமற்ற விரிகுடாக்களில் புதுப் பாசி தழைப்பதற்குக் காத்துக் கிடக்கும்.

பலர் தேடி வருவது வால்ஐயைத்தான். 1965 முதல் மினசோட்டாவின் மாநில மீன் அது. பூனைக்கு இருப்பதுபோல இதன் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்தில் இரை அதற்குத் தெரியும், இரைக்கு அது தெரியாது. வசந்தத்தில் பாறை அடுக்கிலும் ஓடைவாயிலும் முட்டையிட்ட பிறகு, மே கடைசி வரை ஓட்டநீர் ஏரியில் விழும் இடங்களை விட்டு அதிகம் நகராது. அட்டையோ சிறுமீனோ கோத்த ஜிக் எனும் எடைத்தலை முள்ளைத் தரையைத் தட்டித்தட்டி மெதுவாக இழுப்பதே பழகிய முறை. பளிங்குபோல் அசைவற்ற நடுப்பகலைவிட, அலையடிக்கும் மந்தார நாளே மேல். கனூ படகில் துடுப்பு போடுபவருக்கு அந்தக் காற்று எதிரி. என்ன செய்வது, தூண்டில்காரருக்கு அதுதான் வேண்டும். 1979 மே மாதம் இங்குள்ள சீகல் ஆற்றில் பிடிபட்ட வால்ஐ ஏறக்குறைய 7.9 கிலோ, மாநிலச் சாதனை.

ஜூன் தொடக்கத்தில் கரையோர நீர் 15 டிகிரியைத் தாண்டியதும் ஸ்மால்மவுத் பாஸின் முறை. இது இந்த ஏரிகளின் பூர்விக மீனல்ல, மனிதர் கொண்டுவந்து விட்டது. சரளைமேல் வாலால் துடைத்த தட்டு அளவு வெளுத்த வட்டம் தெரிந்தால், அது ஆண் மீன் கட்டிய கூடு. முட்டையிட்ட பெண் போய்விடும்; காவல் முழுக்க அப்பனுடையது. கிட்டே வரும் எதையும் பாய்ந்து கடிக்கும் என்பதால் அதைத் தூக்குவது சுலபம். ஆனால் அப்பனைத் தூக்கிய நிமிடமே மற்ற மீன்கள் முட்டைக்கு வந்துவிடும். கூட்டைக் கண்டால் படகைத் திருப்பிக்கொள்வதே நல்லது.

ஏரிக்கு ஏரி போவது போர்ட்டேஜ் எனும் ஒற்றையடிப் பாதையில், படகைத் தோளில் கவிழ்த்துச் சுமந்துதான். தூரத்தை இன்றும் ‘ராட்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் என்பது 16.5 அடி, கிட்டத்தட்ட ஒரு கனூ நீளம். இரு கையும் படகில் இருக்கும் இந்த நேரத்தில்தான் கரு ஈ காதுமடலுக்குப் பின்னால் கடிக்கும். மே கடைசியும் ஜூன் முதல் பாதியும் அதன் காலம். அந்தி கொசுவுக்கு, வால்ஐ கடிக்கும் வேளையும் அந்திதான். இவற்றைவிடப் பெரிய ஆபத்து, காற்றின் வெதுவெதுப்பை நம்புவது. சட்டையைக் கழற்றத் தோன்றும் மே மதியத்திலும் நீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடும். அதில் படகு கவிழ்ந்தால் கைகள் சில நிமிடங்களில் விறைத்துவிடும்.

மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்கச் செல்லும் குழுக்களுக்கு எண்ணிக்கை வரம்புடன் அனுமதிச் சீட்டு உண்டு. ஒரு குழுவில் 9 பேர், 4 படகுகளுக்கு மேல் கூடாது. குவெட்டிக்கோவில் உயிருள்ள இரைக்குத் தடை. எதிர்முள் இல்லாத தூண்டில் முள்தான் போட வேண்டும். ஈயக் குண்டைத் தவிர்ப்பது நல்லது. இரையை வயிற்றில் அரைக்க உதவும் கல் என்று நினைத்து அதை விழுங்கும் லூன் பறவை ஈய நஞ்சால் செத்துப்போகிறது.

ஜூன் பிற்பகுதியில் சேற்றடி ஏரிகளில் மேஃப்ளை பூச்சிகள் கூட்டமாக எழும். மறுநாள் காலை நீர்மேல் உரித்த தோல்கள் உமிபோல் மிதக்கும். வயிறு முட்ட அதன் புழுவைத் தின்ற வால்ஐ, மூக்குக்கு நேரே தொங்கும் அட்டையைக்கூடச் சட்டை செய்யாது. டிரவுட்டோ அதற்குள் கரையை விட்டு 10, 15 மீட்டர் ஆழத்துக் குளிர்நீருக்கு இறங்கியிருக்கும்.