பாம்பன் பாசி வாஷிக்கு வந்த வழி

ஜூன் பிறந்துவிட்டால் நவி மும்பையின் வாஷி வீடுகளில் துணி காயாது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை, குளியலறையில் ஈர வாடை. கடையில் வாங்கும் வாசனை டப்பாவின் நெடி ஒத்துக்கொள்ளாதவர்கள் இப்போது வீட்டிலேயே வாசனை ஜெல் காய்ச்சுகிறார்கள். அதற்கு வேண்டிய முக்கியமான பொருள், மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டு வாங்கும் கடல்பாசி. ரம்ஜான் நோன்பு திறக்கும்போது பாலில் காய்ச்சிச் சாப்பிடும் அதே பாசிதான்.

வெளிநாட்டிலிருந்து வருவதும் உண்டு. நம் கடலில் அது முக்கியமாகப் பிறக்கும் இடம் மன்னார் வளைகுடா. பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். பாறை கீறும், ஜெல்லி மீன் சுடும், உப்புநீர் புண்ணை ஆறவிடாது. கரையில் உலர்த்திய பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே கழுவி, வேகவைத்து, வடிகட்டி, உறையவைத்துக் காயவைத்தால் அகர், அதாவது சைனா கிராஸ். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் அகர் வரத்து நின்றபோதுதான் இந்தியாவில் இதற்கான ஆராய்ச்சி சூடுபிடித்தது.

அகரின் அருமை அதன் உறுதியில் இருக்கிறது. கொதிநீரில் கரைந்து, சுமார் 35 முதல் 40 டிகிரியில் உறைந்துவிடும். மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். ஜெலட்டினோ மும்பை வெயிலுக்கே இளகும். 1881-இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸ என்ற பெண்மணி, கிருமி வளர்க்க ஜெலட்டினுக்குப் பதில் அகரைப் பயன்படுத்தலாம் என்று கணவர் வால்தர் ஹெஸ்ஸவுக்கு யோசனை சொன்னதும் இதனால்தான். கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துக்குள் அகரைக் கொண்டு சேர்த்தது ஒரு சமையலறை அனுபவம்.

வாஷி அடுப்பில் செய்முறை எளிது. கால் லிட்டர் தண்ணீரில் 4, 5 கிராம் அகர் தூளைக் கரைத்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கவேண்டும். பூஞ்சை பிடிப்பதைத் தள்ளிப்போட ஒரு தேக்கரண்டி உப்பு. சூடு சற்றுத் தணிந்ததும் வாசனை எண்ணெய் 20, 30 சொட்டு. கொதிக்கும்போதே ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும். எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்க, அதைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளியில் குழைத்துச் சேர்க்கலாம். எனக்கு வெட்டிவேர் எண்ணெய்தான் பிடிக்கும். விலை அதிகம், ஆனால் மணம் நின்று வீசும். வாயகன்ற பாட்டிலில் ஊற்றி உறையவிட்டால் போதும். தண்ணீர் வற்ற வற்ற ஜெல் சுருங்கும், தக்கையாகிவிட்டால் மாற்றிவிடலாம். பார்க்க இனிப்பு ஜெல்லி போலவே இருக்கும். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வாசனை எண்ணெய் பூனைகளுக்கு ஆகாது.

நம் குளியலறைக்கு மணம் வந்தது சரி. பாசி எடுப்பவர்களின் நிலைமை? 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவானதிலிருந்து, தலைமுறையாகப் பாசி எடுத்த இடங்களுக்குள் போவதே அவர்களுக்குத் தகராறாகிவிட்டது. சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்தி அந்த உரிமைக்காகப் போராடி 2015-இல் சீகாலஜி என்ற அமைப்பின் விருது பெற்றார். மாதத்தில் சில நாள் மட்டும் எடுப்பது, கையாலேயே பறிப்பது என்று பாசி மறுபடி வளர வழிவிட்டவர்கள் இந்தப் பெண்கள். அந்தக் கடலைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் வனத்துறை அவர்களையும் உட்காரவைத்துப் பேசவேண்டும்.