கப்பலில் மஞ்சள் கொடி: நம் முன்னோர் கடந்து வந்த தனிமை முகாம்கள்

2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணிகள் பலரால் நேராக வீட்டுக்குப் போக முடியவில்லை. பூந்தமல்லி பொது சுகாதார நிறுவன வளாகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள். ஆவடி, அம்பத்தூர் வீடுகளில் 'குவாரண்டைன்' என்ற சொல் அப்போதுதான் புழங்கத் தொடங்கியது. ஆனால் ஹஜ்ஜுக்கும் பிழைப்புக்கும் கப்பலேறிய நம் பாட்டனார்களுக்கு அது பழகிய அனுபவம்.

மார்க்கம் காட்டிய வழி

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிப் போகும் வழியில், ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் தோழர்களுடன் ஆலோசித்துத் திரும்பினார்கள். அதன் பிறகே அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் இந்த நபிமொழியை எடுத்துச் சொன்னார்கள்.

துறைமுகங்களில் இது சட்டமானது ஐரோப்பாவில். 1377இல் ரகூசா நகரம், நோயுள்ள இடங்களிலிருந்து வருவோரை 30 நாட்கள் விலக்கி வைத்தது. பின்னர் அது 40 நாட்கள் ஆனது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' வந்தது.

ஹஜ் கப்பல்கள் மீது விழுந்த கண்

பாய்மரக் காலத்தில் பயணம் மாதக்கணக்கில் நீளும். நோய் கரை சேரும் முன் கப்பலிலேயே ஓய்ந்துவிடும். நீராவிக் கப்பல் வந்த பின் நோயும் வேகமாகப் பயணித்தது. 1865 ஹஜ்ஜின்போது காலராவால் 15,000 ஹாஜிகள் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அங்கிருந்து எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் நோய் பரவியது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, இந்தியாவை நோயின் பிறப்பிடமாகவும் ஹஜ் பயணத்தை அது பரவும் வழியாகவும் குறிப்பிட்டது.

இந்தியாவில் 1870இல் குவாரண்டைன் சட்டம் வந்தது. செங்கடலில் ஏமன் கரையோரமுள்ள கமரான் தீவில் உஸ்மானிய அரசு 1882இல் தனிமை முகாம் அமைத்தது. தெற்கிலிருந்து ஜித்தா செல்லும் ஹஜ் கப்பல்கள் அங்கே நிற்க வேண்டும். ஹாஜிகள் கரையிறங்கிக் குளிக்க வேண்டும். உடைகளும் மூட்டைகளும் நீராவியில் சுத்திகரிக்கப்படும். கப்பலில் நோய் கண்டிருந்தால் தங்கும் நாட்கள் நீளும். இதற்கான கட்டணமும் ஹாஜிகள் தலையிலேயே விழுந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதால், 1897இல் இந்தியாவிலிருந்து ஹஜ் கப்பல்கள் நிறுத்தப்பட்டன.

பினாங்கு, சிங்கப்பூர், மண்டபம்

சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து மலாயா சென்றவர்களுக்கு வேறு தீவுகள் காத்திருந்தன. பினாங்குக்கு ஜெரெஜாக் தீவு. சிங்கப்பூருக்கு 1874இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜான்ஸ் தீவு. மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளும் அங்கே சோதிக்கப்பட்டார்கள்.

நடைமுறை எளிமையானது. துறைமுகத்துக்கு வெளியே கப்பல் மஞ்சள் கொடியுடன் நிற்கும். மருத்துவர் ஏறிப் பயணிகளைப் பார்ப்பார். நோய் இல்லையென்றால் துறைமுகத்துக்குள் வர அனுமதி. இருந்தால் நோயாளிகள் மருத்துவமனைக்கும், உடன் வந்தவர்கள் தீவுக்கும் போக வேண்டும். ஆனால் தீவுக்குப் போனவர்கள் பெரும்பாலும் மேல்தளத்தில் பாய் விரித்து வந்த ஏழைப் பயணிகளே. அறையெடுத்து வந்தவர்கள் பொதுவாக மருத்துவர் பார்வையோடு இறங்கிப் போனார்கள்.

இலங்கைக்குப் போன தோட்டத் தொழிலாளர்களை இந்தியக் கரையிலேயே நிறுத்தினார்கள். மண்டபத்தில் இலங்கை அரசே முகாம் நடத்தியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914இல் கப்பல் போக்குவரத்து தொடங்கிய பின் அந்த வழியே முக்கியமானது. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'மண்டபம் கேம்ப்'.

விதியும் பழியும்

நோயைத் தடுக்கும் விதி சரியானது. நம் மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. தவறு, அந்த விதியை ஆளுக்கொரு விதமாக நடத்தியதிலும், நோய்க்கு ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்கியதிலும் இருந்தது. ஸர்க்கில் கலீஃபாவும் உடன் வந்தவர்களும் சேர்ந்தே திரும்பினார்கள். கலீஃபாவுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு வேறு விதி என்று அங்கே இல்லை.

கமரான் முகாமின் காலம் 1950களில் முடிந்தது. ஹாஜிகளின் சுகாதாரப் பொறுப்பை சவூதி அரசு ஜித்தாவில் ஏற்றது. இன்று தீவுக்குப் பதில் தடுப்பூசி அட்டை. ஹஜ், உம்ராவுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஆப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குச் செல்வோர் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அதற்கான ஊசி போட்டுக்கொள்ளலாம். அந்தச் சான்று இல்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்பினால், இந்தியாவில் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு.

எனவே பயணத்துக்கு முன் பாஸ்போர்ட்டோடு அந்த அட்டையையும் எடுத்து வையுங்கள். வீட்டில் கப்பலேறிப் போன பெரியவர்கள் இருந்தால், அவர்கள் எந்தத் தீவில் எத்தனை நாள் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அது நம் சமுதாயத்தின் வரலாறு.