உலகம் புனைந்த பேராசிரியர்

கழுகுமலைக்கு வருவோர் வெட்டுவான் கோவிலைக் காணாது திரும்புவதில்லை. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மலையின் ஒரு பகுதியைச் சுற்றிலும் வெட்டிப் பிரித்து, மேலிருந்து கீழாகச் செதுக்கிய ஒற்றைக்கல் கட்டுமானம் அது. சிகரம் நிறைவுற்றது, அடிப்பகுதி நிறைவுறவில்லை. அதே கரிசல் மண்ணில், எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர் கல்லை விடுத்துச் சொல்லை எடுத்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாலான சீறாப்புராணத்தில் அரபு நாட்டைத் தமிழ் நிலத்தின் மலையும் ஆறும் வயலும் கொண்டு வருணித்தார். உலகம் ஒன்றைப் புனைந்து, அதனுள் பிறரை உலவவிடுவது மனித அறிவின் பழைய ஆவல்களுள் ஒன்று என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அந்த ஆவல் இருபதாம் நூற்றாண்டில் ஒரு விளையாட்டாக உருவெடுத்தது. பாத்திரமேற்கும் ஆட்டம் என்று அதனைச் சொல்லலாம். மேசையைச் சுற்றி நால்வர் அல்லது ஐவர் அமர்கின்றனர். ஒருவர் நடுவர், மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். “நீங்கள் வந்த விண்கலம் பெயரறியாத கோளில் இறங்கியிருக்கிறது. வெளியே காற்று மூச்சுக்கு உதவாது. தொலைவில் ஒரு விளக்கொளி தெரிகிறது. என்ன செய்வீர்கள்?” என்று நடுவர் கேட்கிறார். ஆட்டக்காரர் தம் பாத்திரத்தின் அறிவுக்கும் துணிவுக்கும் ஏற்பப் பதில் சொல்கின்றனர். முடிவு ஐயத்துக்குரியதாயின் பகடை உருட்டப்படுகிறது. பணயம் இல்லை, வென்றவர் தோற்றவர் என்ற கணக்கும் பெரும்பாலும் இல்லை. வெளியூர்க் கல்லூரிகளில் பயிலும் தம் பிள்ளைகள் இதில் ஈடுபடுவது கண்டு, “இது என்ன ஆட்டம்? இதனைத் தொடங்கியவர் யார்?” என்று வினவும் பெற்றோருக்காக இவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்ல விழைகிறோம்.

இதன் வேர் போர்ப்பயிற்சியில் உள்ளது. பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தம் போர் ஆட்டத்தை வெளியிட்டார். நிலப்படத்தின்மேல் படைகளை நகர்த்துவதும், பகடையும் அட்டவணையும் கொண்டு சேதத்தைக் கணக்கிடுவதும் அதன் முறை. விதிகள் பெருகி ஆட்டம் சுமையாகவே, வெர்டி து வெர்னுவா என்ற தளபதி 1876இல் வேறொரு வழி கூறினார்: அட்டவணையை ஒதுக்கிவிட்டு, அனுபவமிக்க நடுவரின் தீர்ப்பையே ஏற்கலாம் என்றார். 1880இல் அமெரிக்கப் படை அதிகாரி டாட்டன் இத்தகைய நூலொன்றை எழுதினார். அந்நூல் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. 1969இல் அவர் நடத்திய ஆட்டத்தில் படைத்தலைவர்களோடு, ஊரின் மேயர், வங்கியாளர், பல்கலைக்கழகத் தலைவர் எனத் தனி மனிதர்களும் பாத்திரங்களாயினர். படையை நகர்த்திய கை மனிதனை நகர்த்தத் தொடங்கிய இடம் இதுவே எனலாம். அவருடைய நண்பர் டேவ் ஆர்னெசன் இதனை வளர்த்தார்; கேரி கைகாக்ஸ் என்பவருடன் இணைந்து 1974இல் “டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்” என்ற ஆட்டத்தை வெளியிட்டார்.

அது மாயமந்திரக் கதைகளின் உலகம். விஞ்ஞானக் கற்பனை அதனைப் பின்தொடர்ந்து வந்தது. 1976இல் ஜேம்ஸ் வார்டு எழுதிய “மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபா” ஆட்டத்தில், தலைமுறை தலைமுறையாகப் பறக்கும் ஒரு மாபெரும் விண்கலத்தில் மக்கள் வாழ்கின்றனர். தாம் வாழ்வது ஒரு கலம் என்பதையே அவர்கள் மறந்துவிட்டனர். 1977இல் மார்க் மில்லர் எழுதிய “டிராவலர்” ஆட்டத்தில் விண்மீன்களுக்கிடையே செய்தி கலத்தின் வேகத்தில்தான் செல்லும். கலத்தின் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். பாய்மரக் கப்பலில் சென்றவரிடமிருந்து கடிதம் வரும்வரை கரையில் காத்திருந்த காயல்பட்டினத்துக் குடும்பங்களுக்கு இவ்வுலகம் அந்நியமாகத் தோன்றாது.

இவ்விரண்டுக்கும் முன்னரே, 1975இல், விண்வெளி வரலாற்றை அடித்தளமாகக் கொண்ட ஒரு புனைவுலகம் “எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்” என்ற பெயரில் ஆட்டமாக அச்சேறியது. அதன் ஆசிரியர் பெயரைக் காணும் நம்மவர் சற்றே வியப்பர்: முஹம்மது அப்துர் ரஹ்மான் பார்க்கர்.

பிலிப் பார்க்கர் என்ற பெயரில் 1929இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர் இவர். புல்பிரைட் உதவித்தொகை பெற்று 1951இல் மொழி கற்க இந்தியாவுக்கு வந்தார். இங்கேயே இஸ்லாத்தைத் தழுவினார். பின்னர் அமெரிக்கப் பழங்குடியினரான க்ளமத் மக்களின் மொழியை ஆராய்ந்து, அதன் அகராதியையும் இலக்கணத்தையும் வெளியிட்டார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக இஸ்லாமிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் உருதுப் பாடநூலும் பலூச்சிப் பாடநூலும் அவர் பெயரால் வெளிவந்தன. 1972 முதல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தெற்காசியத் துறைப் பேராசிரியராக விளங்கினார். 2012 மார்ச்சு 16இல் மறைந்தார்.

டெக்குமேல் என்ற அவருடைய உலகம் சிறுவயது முதலே அவர் உள்ளத்தில் வளர்ந்தது. எதிர்கால மனிதர் விண்வெளியெங்கும் பரவி, தமக்கு ஒவ்வாத ஒரு கோளைத் திருத்திக் குடியேறுகின்றனர். அங்கிருந்த உயிரினங்களை ஒதுக்குப்புறங்களில் அடைக்கின்றனர். பின்பு ஒரு பேரிடரில் அக்கோள் பேரண்டத்திலிருந்தே அறுபட்டுத் தனி வெளியில் விழுகிறது. இரவு வானில் விண்மீன் இல்லை. வாணிகம் நின்றது. இயந்திர அறிவு மங்கி, எஞ்சிய கருவிகள் மந்திரப் பொருள்களாயின. அக்கோளில் இரும்பு அரிது. ஆகவே ஒரு விலங்கின் தோலைப் பதப்படுத்தி ஆயுதமும் கவசமும் செய்கின்றனர். இவ்வுலக மக்களுக்கென்று ஒரு மொழியையும் அதன் இலக்கணத்தையும் எழுத்தையும் பார்க்கர் வகுத்தார்.

உலகம் புனையும் கலையின் நுட்பம் இங்கேதான் உள்ளது. எது மிகுதி என்று கேட்பதைவிட எது அரிது என்று கேட்பதே அதற்கு வாயில். நம் கரிசல் காட்டில் நீர் அரிது. அந்த ஒன்றிலிருந்து கண்மாய் பிறக்கிறது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் பிறக்கின்றன. வறண்ட காற்றை நம்பிய கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலும் பிறக்கிறது. இரும்பின் அருமையிலிருந்து பார்க்கர் பேரரசுகளையே வருவித்தார்.

இனி ஆட்டத்தை நடத்தும் முறைக்கு வருவோம். பலகையும் காயும் உள்ள ஆட்டத்தில் இருவர் கண்ணுக்கும் ஒரே நிலை தெரியும். இங்கோ ஆட்டக்காரர் காண்பது நடுவர் சொல்வதை மட்டுமே. கதவுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை அவர் ஒருவரே அறிவார். ஆபத்தை முன்கூட்டியே உணர்த்துதல், தாம் விரும்பிய முடிவுக்கு ஆட்டக்காரரை இழுத்துச் செல்லாதிருத்தல், நண்பனுக்கும் புதியவனுக்கும் ஒரே அளவுகோல் வைத்தல் ஆகியவை நடுவரின் கடமைகள். சுருங்கச் சொன்னால் அது ஓர் அமானிதம். பகடையைப் பற்றிப் பேணுதல் உடையோர் உண்டு. நர்து பகடை விழும் விதத்தை நம்புவது, ஷத்ரஞ்ச் சிந்தனையை நம்புவது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு அறிஞர்கள் இரண்டையும் வேறுபடுத்தி ஆராய்ந்தனர். பகடையே இல்லாத பாத்திர ஆட்டமும் 1991இல் “ஆம்பர்” என்ற பெயரில் வெளிவந்தது. பகடை நீங்கினால் நடுவரின் நேர்மை மீது விழும் பாரம் இன்னும் கூடும் என்பது வெளிப்படை.

“விளையாட்டுக் கலைக்கு நம்மவர் ஒருவரின் தொண்டு” என்று எழுதி இக்கட்டுரையை இவ்விடத்தில் முடித்துவிடலாம். அது உண்மையாகாது.

1991இல் அமெரிக்காவில் “சர்ப்பென்ட்ஸ் வாக்” என்ற நாவல் புனைபெயரில் வெளிவந்தது. ஹிட்லரின் படையினரில் எஞ்சியோரின் வழியினர் மறைவில் வலுப்பெற்றுத் தலைதூக்குவதாகப் புனைந்து, நாஜிக் கொள்கையைப் போற்றும் நூல் அது. அதனை எழுதியவர் பார்க்கரே. ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்ட வரலாற்றை மறுப்பதற்கென நடந்த ஓர் ஏட்டின் ஆலோசனைக் குழுவிலும் அவர் இடம்பெற்றிருந்தார். அவர் மறைந்து பத்து ஆண்டுகள் சென்றபின், 2022இல், அவருடைய படைப்புகளைப் பேணும் டெக்குமேல் அறக்கட்டளை இதனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இதனை நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா? மறைந்தவரின் குறையைப் பேசுவது புறமாகாதா? இவ்வினாக்களுக்கு ஹதீஸ் கலை அறிஞர்கள் எப்போதோ விடை கண்டுவிட்டனர். அறிவிப்பாளரின் குறையையும் நிறையையும் ஆராயும் ஜர்ஹ் வ தஃதீல் என்ற கலை, உண்மையைக் காப்பதற்காகக் குறை கூறுவது புறமன்று எனக் கொண்டது. அலீ இப்னுல் மதீனீ தம் தந்தையையே பலவீனமான அறிவிப்பாளர் என்று அறிவித்தார். மறுபுறம், காரிஜி எனக் குறிக்கப்பட்ட இம்ரான் இப்னு ஹித்தான் வழிவந்த அறிவிப்பும் புகாரியில் உண்டு. அவர் காரிஜி என்பதையும் நூல்கள் மறைக்கவில்லை. கொள்ளத்தக்கதைக் கொள்க, குறையைச் சொல்லிக் கொள்க என்பதே அவர்கள் நமக்குக் காட்டிய நெறி.

பார்க்கருக்கும் அந்த அளவுகோலே பொருந்தும். க்ளமத் அகராதியும் உருதுப் பாடநூலும் அறிவுலகுக்குப் பயன்பட்டவை. டெக்குமேல் இன்றும் வியக்கத்தக்க புனைவு. ஆயினும், ஒதுக்கிட நிலத்தில் வாழவைக்கப்பட்ட ஒரு மக்களின் மொழியை அத்தனை பரிவோடு பதிவு செய்த அதே கை, ஓர் இனத்தையே அழித்தோரைப் போற்றும் நூலையும் எழுதியது. தன் பெயரை மறைத்துக்கொண்டு எழுதியது. ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாததை நேர்மையாகச் சொல்லவேண்டியவர் நடுவர். அவ்விடத்தில் ஆண்டுகள் பல அமர்ந்த ஒருவர் தம்மைப் பற்றிய இச்செய்தியை உலகுக்குச் சொல்லவில்லை.

ஒருவரின் பெயர் நம் பெயராக இருப்பதால் அவர் புகழும் நமதாகிவிடாது. அவர் குற்றத்தை மூடும் கடமையும் நமக்கு இல்லை. தன்னவர்க்கு எதிராகவேனும் நீதியின் சாட்சியாக நிற்கும்படி அன்னிஸா அத்தியாயம் பணிக்கிறது. இந்த ஆட்டத்தில் ஆர்வமுள்ள பிள்ளைகளை விலக்க வேண்டுவதில்லை. கண்மாயும் கரிசலும் உள்ள உலகமொன்றைத் தாமே புனைந்து நடத்தட்டும். டெக்குமேலின் கதையைக் கேட்டால் அதையும் சொல்வோம், புனைந்தவரின் கதையை முழுவதுமாகச் சேர்த்து.