டஃபி ரத்த வகையும் அடிமைக் கப்பல்களும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் மேற்குக் கரையில் பிடிபட்டவர்கள். அந்தப் பாடம் இன்று புற்றுநோய் மருத்துவர்களுக்கும் தேவைப்படுகிறது.

1950-இல் இங்கிலாந்தில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரிடம் ஒரு புதிய ரத்த வகை தெரியவந்தது. அவர் குடும்பப் பெயரையே வைத்து 'டஃபி' என்றார்கள். ஐந்து ஆண்டு கழித்து, அமெரிக்கக் கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் இந்த டஃபியே இல்லை என்று கண்டார்கள். காரணத்தை 1970-களில் லூயிஸ் மில்லர் குழுவினர் கண்டுபிடித்தார்கள். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழையும் வாசலே டஃபிதான். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருக்கும் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. (நம் சென்னை மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ். நமக்கு வாசல் திறந்தே கிடக்கிறது!)

டஃபிக்கு வேறு வேலையும் உண்டு என்பது 1990-களில் தெளிவானது. வெள்ளணுக்களை அழைக்கும் கீமோகைன் என்ற ரசாயனங்களைப் பிடித்துவைத்து அளவைச் சீராக்குகிறது. அதாவது, நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட மரபணு இது.

இனி மார்பகப் புற்றுநோய்க்கு வருகிறேன். அதில் 'ட்ரிபிள் நெகட்டிவ்' என்றொரு வகை உண்டு. ஹார்மோன் மாத்திரைகள் இதில் பலிக்காது. அமெரிக்காவில் வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. வறுமையா, உடம்பா என்று நெடுநாள் வாதம். லிசா நியூமன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் கானாவின் குமாசிக்கும் எத்தியோப்பியாவுக்கும் போய் மருத்துவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தார். கானா நோயாளிகளில் பாதிக்கும் மேல் ட்ரிபிள் நெகட்டிவ். எத்தியோப்பியாவில் சுமார் 15 சதவீதம்தான், வெள்ளையின அமெரிக்கப் பெண்களைப் போலவே!

வரலாறு படித்தவருக்கு இது புதிரல்ல. அமெரிக்காவுக்குக் கப்பல் போனது மேற்குக் கரையிலிருந்து. கிழக்கில் பிடிபட்டவர்களை அரேபியா பக்கம் கொண்டுபோனார்கள். 'கறுப்பினம்' என்று ஒரே பெட்டியில் போட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. 2019-இல் நியூமனும் மெலிசா டேவிஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில், டஃபி இல்லாத மரபணு மாற்றத்துக்கும் ட்ரிபிள் நெகட்டிவுக்கும் தொடர்பு தெரிந்தது. தொடர்பு என்றுதான் சொல்கிறேன், அதுவே காரணம் என்று நிரூபணமாகவில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் மார்பகப் புற்றுநோய் மரண விகிதம் சுமார் 40 சதவீதம் கூடுதல். அதில் காப்பீடும் காலதாமதமும் செய்யும் கொடுமையை மரபணுவின் தலையில் கட்டிவிடக் கூடாது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. டஃபி இல்லாதவர்களுக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு இயல்பாகவே குறைவு. அது நோயல்ல. ஆனால் ஆய்வகத் தாளில் உள்ள 'நார்மல்' பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரை அளந்து எழுதியது. அதை வைத்துக் கீமோதெரபியைத் தள்ளிப்போடுகிறார்கள், மருந்தைக் குறைக்கிறார்கள், புது மருந்துச் சோதனையில் சேர்க்க மறுக்கிறார்கள். டஃபி வகைக்கேற்ற தனி அளவுகள் சமீபத்தில்தான் வரத் தொடங்கியிருக்கின்றன.

நம் ஆய்வகத் தாள்களில் உள்ள 'நார்மல்' யாரை அளந்து எழுதியது? டாக்டரான பிள்ளைகள் யாராவது கீழே எழுதுங்களேன்.