காணாமல் போன கடைசி மேடு

வாஷிங்டன் வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். அவரிடம் வந்த எட்டு வயதுப் பையனுக்கு நான்கு வருடத்தில் 19 தடவை இரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. பத்துத் தடவை பரிசோதனையில் நியூமோகாக்கஸ் கிருமியே பிடிபட்டது. ஒவ்வொரு தடவையும் பிழைத்தான், மறுபடி படுத்தான்.

தடுப்பூசி போட்டுப் பார்த்தார், எதிர்ப்பொருள் உருவாகவில்லை. ஆனால் இரத்தத்தின் மொத்தப் புரத அளவு சரியாகவே இருந்தது. சாதாரணப் பரிசோதனை அதோடு நின்றிருக்கும். மருத்துவமனையில் எலெக்ட்ரோஃபோரெசிஸ் கருவி இருந்தது நல்லதாகப் போயிற்று. சீரத்தில் மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் வேகத்துக்கேற்பப் பிரிந்து, வரைபடத்தில் மேடு மேடாகத் தெரியும். முதலில் உயரமாக ஆல்புமின், பிறகு ஆல்ஃபா, பீட்டா, கடைசியில் காமா. எதிர்ப்பொருள்கள் அந்தக் காமா மேட்டில்தான் இருக்கின்றன என்பது 1939லேயே தெரிந்த சேதி. இந்தப் பையனின் படத்தில் அந்த இடம் தட்டையாகக் கிடந்தது.

இல்லாததைக் கொடுத்துப் பார்ப்போம் என்று, மாதம் 3.2 கிராம் காமா குளோபுலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். ஒரு வருடத்துக்கும் மேல் இரத்தத்தில் கிருமி எட்டிப்பார்க்கவில்லை. 1952இல் கட்டுரை வெளியானது. நோய் அன்றைக்குப் பிறந்ததல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்னால் இப்படிப்பட்ட குழந்தைகள் முதல் நிமோனியாவிலேயே போயிருப்பார்கள். திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்று கேட்க ஆள் மிஞ்சியிருக்க மாட்டான்.

காமா ஏன் இல்லை? அதற்கான துப்பு கோழிக்கூண்டிலிருந்து வந்தது. ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற ஆய்வாளர், கோழியின் கழிவாய்க்கு அருகே இருக்கும் பர்சா என்ற சிறு பையை வெட்டியெடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். மாணவர்களுக்கு எதிர்ப்பொருளைக் காட்ட அவருடைய கோழிகளை இரவல் வாங்கினார் டிமோதி சாங். ஊசி போட்டும் பை இல்லாத கோழிகளில் எதிர்ப்பொருள் வரவில்லை. 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1956இல் கோழி ஆராய்ச்சி இதழ் ஒன்று போட்டது. பிரபல இதழ்கள் கோட்டைவிட்ட கட்டுரைகளின் பட்டியலில் இதற்கு நல்ல இடம் உண்டு. 1965இல் மினசோட்டாவில் மாக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழிகளை வைத்தே நோயெதிர்ப்புச் செல்களில் பி செல், டி செல் என இரு வம்சங்களைப் பிரித்துக் காட்டினார்கள். புரூட்டனின் பையனிடம் பழுதானது, எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல் வழி. மனிதனுக்குப் பர்சா கிடையாது. அதற்குப் பதிலாக பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன.

இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1993இல் அகப்பட்டது. அது எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இன்னொரு நல்ல எக்ஸ் கைகொடுக்க அம்மா ஆரோக்கியமாக இருப்பாள், பழுதான எக்ஸைப் பெறும் மகன் நோயாளியாவான். அது உண்டாக்கும் நொதிக்குப் புரூட்டன் பெயரையே வைத்தார்கள். அந்த நொதி இல்லாவிட்டால் பி செல் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும். இதை வைத்தே, பி செல் புற்றுநோயில் அந்த நொதியை முடக்கும் இப்ரூடினிப் மருந்து 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயோடு பிறந்த பையன்களுக்கோ, இன்றும் ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த குளோபுலின்தான்.